பன்னீர் திராட்சை பூக்கும் பருவத்தில் கொடியைக் கழிக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோடை மகசூலுக்காக டிசம்பர், ஜனவரியிலும் மழைக்கால மகசூலுக்காக மே, ஜூனிலும் கத்தரியோடு பந்தலுக்குள் நுழைந்து செய்யும் பெரிய வெட்டுதான். பன்னீர் திராட்சையில் முதிர்ந்த கொடியை நான்கு அல்லது ஐந்து கண் (துளிர் கிளம்பும் மொட்டு) விட்டு வெட்டி, வெட்டிய முனை துளிர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். ஆனால், துளிர் விட்டதிலிருந்து பிஞ்சு பிடிக்கும் வரையிலான சில வாரங்களில், பெரும்பாலும் விரல்களாலேயே செய்ய வேண்டிய சிறு கவாத்து ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்ட தோட்டத்தில் பந்தல் பசுமையாகத் தெரியும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் குலைகளின் எண்ணிக்கை புரியும்.

துளிரில் ஐந்தாறு இலைகள் விரிந்து, அவற்றுக்கு எதிரே பச்சைக் கடுகைக் கொத்தாக ஒட்டியது போன்ற பூங்குலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் முதல் சுற்றைத் தொடங்கலாம். ஒரே கண்ணிலிருந்து இரண்டு துளிர்கள் வந்திருந்தால், குலையுள்ள திடமானதை வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு கிள்ளிவிட வேண்டும். தண்டிலிருந்தும் பழைய கிளைகளிலிருந்தும் கிளம்பும் குலையற்ற துளிர்களையும் நீக்கிவிடலாம். ஆயினும், வெறுமையாகக் கிடக்கும் பந்தல் பகுதியை நோக்கி வளரும் துளிர் ஒன்று இருந்தால் அதற்குக் குலை இல்லாவிட்டாலும் விட்டுவைப்பதே புத்திசாலித்தனம், ஏனெனில் அடுத்த கவாத்தில் அந்த இடத்தை நிரப்பப் போவது அதுதான். இந்த வேலையை விடியற்காலையில் செய்யாமல் வெயில் சற்று ஏறிய பிறகு செய்ய வேண்டும். காலையில் நீர் நிரம்பி விறைத்திருக்கும் துளிர், தொட்ட மாத்திரத்தில் அடியோடு ஒடிந்துவிடும்; வெயில் ஏறியதும் துவண்டு, வளைத்துக் கம்பியில் கட்டுவதற்கு இணங்கும்.

அடுத்து வருவது நுனி கிள்ளுதல். இதில் காலம் மிக முக்கியம் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இளம் இலை ஏறக்குறைய பாதி அளவுக்கு வளரும் வரை தானாக உணவு தயாரித்துக் கொடுப்பதில்லை. முதிர்ந்த இலைகள் தயாரித்ததை வாங்கியே வளர்கிறது. ஆகவே பூ விரியும் நாட்களில் நுனியும் அதன் இளந்தளிர்களும் ஒரு பக்கம், பூங்குலை மறுபக்கம் என்று ஒரே உணவுக்குப் போட்டி நடக்கிறது, அந்தப் போட்டியில் பெரும்பாலும் வெல்வது நுனிதான். துளிர் 12 முதல் 15 கணு வரை வளர்ந்த நிலையில் நுனியை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துக் கிள்ளிவிட்டால், சில நாட்களுக்கு உணவு குலையின் பக்கம் திரும்பி, பிஞ்சு நன்றாகப் பிடிக்கிறது. அவசரப்பட்டு ஏழெட்டுக் கணுவிலேயே கிள்ளினால் பின்னால் பழத்துக்குச் சர்க்கரை சேர்க்கப் போதுமான இலைகள் இல்லாமல் போகும். கத்தரியால் இரண்டடி நீளத்துக்கு வெட்டி எறிந்தாலும் அதே நட்டம்தான்.

நுனியைக் கிள்ளியதும் இலைக்கக்கங்களிலிருந்து, அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களிலிருந்து, பக்கத்தளிர்கள் புறப்படும். இவற்றை வேரோடு பிடுங்குவது போலச் சுத்தமாக எடுத்துவிடும் பழக்கம் சில தோட்டங்களில் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கத்தளிரை ஒன்றிரண்டு இலை விட்டு நுனி கிள்ளுவதே பாதுகாப்பானது. முழுவதும் நீக்கினால், அதன் அருகில் அடுத்த பருவத்துக்காக உறங்கிக்கொண்டிருக்கும் கண் இப்போதே துளிர்த்துவிட வாய்ப்பு உண்டு. கொடி பற்றி ஏறுவதற்காக விடும் சுருளான பற்றுக்கம்பிகளையும் கிள்ளிவிடுங்கள். பற்றுக்கம்பியும் பூங்குலையும் அடிப்படையில் ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள் என்பது தாவரவியல் கண்ட உண்மை; சில சமயம் பாதி கம்பியாகவும் பாதி குலையாகவும் இருப்பதைப் பந்தலில் நீங்களே பார்க்கலாம். கொடியைக் கயிற்றால் கட்டிவிட்ட பிறகு இவற்றுக்குப் பந்தலில் வேலை இல்லை, விட்டுவைத்தால் குலைக்காம்பையே சுற்றிக்கொண்டு அறுவடையின்போது தொல்லை தரும்.

இலை கழிப்பதில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. பூ விரிவதற்கு முன்பே குலையைச் சுற்றியுள்ள அடி இலைகளை உருவிவிட்டால், அந்த நேரத்தில் குலைக்கு உணவு தரும் இலைகள் அவையே என்பதால் பூக்கள் உதிர்ந்து குலை மெலிந்துபோகும். குலை நெருக்கமாக அமையும் ஒயின் ரகங்களில், குலையைத் தளர்த்துவதற்காகவே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதை வேண்டுமென்று செய்கிறார்கள். எடை போட்டு விற்கும் பன்னீர் திராட்சைக்காரருக்கு அது பொருந்தாது. திராட்சைப் பூவின் இதழ்கள் ஐந்தும் மேலே ஒட்டிக்கொண்டு ஒரு குல்லாய் போல இருக்கும். அந்தக் குல்லாய்கள் எல்லாம் உதிர்ந்து, பிஞ்சு பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகே இலையில் கை வைக்க வேண்டும். அப்போதும் குலையின் மேல் படிந்து உரசும் இலை, ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து நிழலில் வெளுத்த இலை, மஞ்சளடித்த இலை ஆகியவற்றை மட்டும் காம்போடு எடுத்தால் போதும்.

எவ்வளவு எடுப்பது என்பதைப் பருவம் தீர்மானிக்கிறது. கோடை மகசூலில் குலைக்கு மேலே உள்ள இலைக்கூரை கலையக் கூடாது; மேற்கு வெயில் நேராகப் பட்டால் பிஞ்சு வெந்து பழுப்பேறும். மே, ஜூனில் வெட்டிய தோட்டத்தில் பூக்கும் நாட்களில் சாரலும் ஈரக்காற்றும் இருக்கும் என்பதால் சற்றுத் தாராளமாகவே கழிக்கலாம், காரணம் இலைப்பரப்பில் தங்கும் ஈரம்தான் அடிச்சாம்பல் நோய்க்கு வாசல். அளவு தெரிய ஓர் எளிய வழி உண்டு: உச்சி வெயில் நேரத்தில் பந்தலுக்கு அடியில் தரையைப் பாருங்கள். வெயில் ஆங்காங்கே காசு காசாக விழுந்தால் சரி, தரை முழுவதும் ஒரே நிழலாக இருந்தால் இன்னும் எடுக்க வேண்டும், பாய் விரித்தது போல வெயில் விழுந்தால் ஏற்கெனவே மிஞ்சிவிட்டது.

அந்தக் காசு வெயிலுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அடுத்த மகசூலுக்கான குலைக்கருக்கள், இந்த மகசூல் பூக்கும் காலத்தை ஒட்டியே, இந்தத் துளிர்களின் கண்களுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. நிழலில் கிடந்த கண்ணில் குலை உருவாகாமல் வெறும் இலைத்துளிராகப் போவதற்கு வாய்ப்பு அதிகம். அடியிலுள்ள நான்கைந்து கண்களை மட்டும் வைத்து வெட்டும் ரகத்தில், அடிக்கண்களுக்கு வெளிச்சம் கிடைக்காவிட்டால் அடுத்த கவாத்தை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் பலன் குறையும். "போன தடவை வெட்டிய மாதிரிதான் வெட்டினேன், குலையே வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பல நேரங்களில் காரணம் இதுவே.

பிஞ்சுகள் பட்டாணி அளவுக்கு வந்ததும் மிக நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களை, முனை மழுங்கிய சிறு கத்தரியால் உள்பக்கமாக நீக்க வேண்டும். மீதமுள்ள காய்கள் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்காமல் பருக்க இடம் கிடைக்கும். குலையைக் கையால் பற்றாமல் காம்பைப் பிடித்தே வேலை செய்யுங்கள். நோய் கண்ட கொடியில் கத்தரி பட்டால் அடுத்த கொடிக்குப் போகும் முன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கழித்த இலையையும் தளிரையும் பந்தலுக்கு அடியிலேயே போட்டுவிட்டுப் போகாமல், அன்றன்றே கூடையில் வாரித் தோட்டத்துக்கு வெளியே குழியில் புதைத்துவிட வேண்டும்.