வேல்ஸ் பழங்கதைகளை இன்றைக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸின் இடைக்காலக் கதைகளைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கை விட்டுவிடுகிறார்கள். பூக்களால் செய்த பெண், செத்தவர்களை எழுப்பும் கொப்பரை, வெட்டிய பிறகும் பேசுகிற தலை, இவற்றில் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 'மாபினோகி' எனப்படும் நான்கு கிளைக் கதைகளை நகர்த்துவது ஒரு கணக்கு. யார் யாரை அவமானப்படுத்தினார்கள், அதற்கு ஈடு கிடைத்ததா, கிடைத்தது போதுமா?

இரண்டாம் கிளையை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்து அரசன் மத்தோலுக் கப்பல்களோடு வந்து ப்ரான்வெனைப் பெண் கேட்கிறான். அவளுடைய அண்ணன் பென்டிகைட்வ்ரான், எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத பேருருவம் கொண்டவன், சரி என்கிறான். அவனுக்கு எவ்னிஷியென் என்று ஒரு சகோதரன், தாய் ஒன்று, தந்தை வேறு. என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று அவன் விருந்தாளியின் குதிரைகளைச் சிதைத்துவிடுகிறான். உதடு, காது, வால், இமை எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மறுபடி சொல்கிறவர்கள் பலர் இங்கே எவ்னிஷியெனைப் பைத்தியக்காரனாக்கிவிட்டு நேரே போருக்கு ஓடுகிறார்கள். நடுவில் நடக்கும் பேரம்தான் கதையின் முதுகெலும்பு. கெட்டுப்போன ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நல்ல குதிரை. சுண்டுவிரல் கனத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோல். முகத்தின் அகலத்துக்கு ஒரு தங்கத் தட்டு. கதைக்காரர் இதை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ஹவெல் தா என்ற அரசனின் பெயரில் வழங்கும் வேல்ஸ் சட்டநூல்களிலும், அரசனை அவமதித்தவன் தர வேண்டிய ஈட்டில் இதே மாதிரி கோலும் முகத்தளவுத் தட்டும் உண்டு. அன்றைக்குக் கதை கேட்டவர்களுக்கு இது தெரிந்த கணக்கு.

இவ்வளவு கொடுத்தும் மத்தோலுக்கின் முகம் தெளியவில்லை. அதனால்தான் செத்தவர்களை எழுப்பும் கொப்பரை கூடுதலாகப் போகிறது. அயர்லாந்தில் பழைய அவமானம் மறுபடி கிளம்ப, ப்ரான்வெனை அடுக்களைக்குத் தள்ளி, கசாப்புக்காரன் தினமும் இறைச்சி வெட்டிவிட்டு வந்து அவளை அறைய வைக்கிறார்கள். பிறகு போர். அந்தக் கொப்பரையே செத்த அயர்லாந்து வீரர்களை, பேச்சை மட்டும் பறித்துக்கொண்டு, மறுநாள் சண்டைக்கு எழுப்புகிறது. சமாதானத்துக்காகக் கொடுத்த பொருள் கொடுத்தவன் படையைத் தின்கிறது. பேரத்தை வெட்டிவிட்டால் கொப்பரை எங்கிருந்தோ வந்து விழுந்த மாயச் சாமானாகிவிடும்.

மூன்றாம் கிளைக்கு நடக்கும் அநியாயம் வேறு வகை. சண்டை இல்லை, காதல் இல்லை என்று முழுசாகவே தூக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நான்கில் இன்றைய வாசகருக்கு மிக நெருக்கமானது இதுதான். அயர்லாந்துப் போரில் தப்பிப் பிழைத்த ஏழு பேரில் ஒருவன் மனவடன். அண்ணன் பென்டிகைட்வ்ரான் செத்தான், அரசு போயிற்று. நண்பன் ப்ரடேரியின் தாய் ரியானனை மணந்து டவெட் நாட்டில் ஒதுங்குகிறான். ஒரு நாள் பனி இறங்கி விலகியபோது ஊரில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. மனவடன், ரியானன், ப்ரடேரி, அவன் மனைவி என்று மிஞ்சிய நால்வரும் பிழைக்க இங்கிலாந்துப் பக்கம் போகிறார்கள். சேணம் செய்கிறார்கள், கேடயம் செய்கிறார்கள், செருப்புத் தைக்கிறார்கள். வேலை அத்தனை சுத்தம். அதனாலேயே ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்த் தொழிலாளிகள் அவர்களைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். வெட்டிவிடலாம் என்று ப்ரடேரி துள்ள, வேண்டாம், அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறான் மனவடன்.

அப்புறம் நாடு திரும்பியதும் ப்ரடேரியும் ரியானனும் மாயக் கோட்டை ஒன்றில் சிக்கி மறைகிறார்கள். மனவடன் விதைத்த கோதுமையை எலிகள் அழிக்கின்றன. கொழுத்த எலி ஒன்று அவனிடம் மாட்டுகிறது. திருடியதற்குத் தண்டனை என்று அதற்குக் குட்டித் தூக்குமரம் நடுகிறான். வழியே வந்த பிஷப் எலியை விடச்சொல்லிப் பணம் கொடுக்கிறார், தொகையைக் கூட்டுகிறார், கடைசியில் குதிரைகளையே கொடுக்கிறேன் என்கிறார். அந்த எலி அவருடைய கர்ப்பிணி மனைவி. பிஷப் வேடத்தில் இருப்பவன் ல்லூய்ட். முதல் கிளையில் ரியானனை மணக்க இருந்த க்வவ்ல் என்பவனை ப்ரடேரியின் தந்தை பூய்லின் ஆட்கள் மூட்டைக்குள் போட்டு அடித்து விளையாடினார்களே, அதற்குப் பழி வாங்க வந்த க்வவ்லின் நண்பன். மனவடன் போனவர்களையும் நாட்டையும் மீட்பதோடு நிற்கவில்லை. இனிமேல் இதற்காகப் பழிவாங்கல் கூடாது என்றும் வாக்கு வாங்குகிறான். நீ அதைக் கேட்டிருக்காவிட்டால் எல்லாம் உன் தலையில் விடிந்திருக்கும் என்று ல்லூய்டே ஒப்புக்கொள்கிறான். ஒரு துளி ரத்தம் இல்லாமல் கணக்கு தீர்கிறது. இந்தக் கிளையைத் தூக்கினால் மற்ற மூன்றும் வெறும் அடிதடி.

நான்காம் கிளையில் எல்லோரும் பூப்பெண் ப்லொடைவெத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவளுக்கு முன்னால் கோய்வின் இருக்கிறாள். மாத் அரசன் போர் இல்லாத காலத்தில் ஒரு கன்னியின் மடியில் பாதங்களை வைத்தால்தான் உயிர் தரிக்க முடியும். அந்தக் கன்னி அவள்தான். அவள்மேல் தம்பி கொண்ட இச்சைக்காக, மாத்தின் சகோதரி மகன் க்விடியோன் பன்றிகளைத் திருடி ஒரு போரையே மூட்டிவிடுகிறான். அரசன் போருக்குக் கிளம்பிய நேரத்தில் அவள் வன்புணரப்படுகிறாள். பின்னால் அவள் எழுந்து நின்று நடந்ததை அரசனிடம் சொல்கிறாள். மாத் அவளை மணந்து ஆட்சி அதிகாரத்தை அவள் கையில் கொடுக்கிறான். குற்றவாளிகள் இருவரும் மூன்று ஆண்டுகள் மானாக, பன்றியாக, ஓநாயாகத் திரிகிறார்கள். காலியான இடத்துக்கு வந்த அரியான்ரோட் கன்னியா என்று சபையில் சோதிக்கப்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் பிள்ளை பெற்று மானமிழக்கிறாள். மகனுக்குப் பெயர் இல்லை, ஆயுதம் இல்லை, மனிதகுல மனைவி இல்லை என்று அவள் விதிப்பது அதற்குப் பிறகு. கோய்வினை விட்டால் அரியான்ரோட் காரணமில்லாத கொடுமைக்காரத் தாயாகத் தெரிவாள். நடந்த வன்முறையை 'காதல் நோய்' என்று பூசி மெழுகுவது இன்னும் மோசம்.

இந்த மழுப்பலுக்கு ஒரு காரணம், இலவசமாகக் கிடைக்கிற பழைய மொழிபெயர்ப்பு. சார்லட் கெஸ்ட் 1838 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது பெரும் சாதனை. ஆனால் விக்டோரியா கால வாசகருக்கு ஒவ்வாததை அது தணித்தே சொல்லும். அதோடு வேலையைத் தொடங்காதீர்கள்.

தெய்வங்கள் விஷயத்திலும் நிதானம் தேவை. ரியானன் குதிரைத் தெய்வம், அரியான்ரோட்டின் மகன் லேய் சூரியக் கடவுள் என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அவை ஆய்வாளர்களின் ஊகங்கள். இந்தக் கதைகளைத் தாங்கிய கையெழுத்துப் பிரதிகளான, 1350 வாக்கில் எழுதப்பட்ட வெள்ளை நூலிலும், அதற்குப் பின் வந்த சிவப்பு நூலிலும் இவர்கள் மனிதர்கள், பிரபுக்கள். பேச்சுக்குப் பேச்சு கடவுள்மேல் ஆணையிடுகிறார்கள். லேயைக் கொல்லும் ஈட்டியை ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மட்டும்தான் வடிக்க முடியும். கிறிஸ்தவத்தைச் சுரண்டி எடுத்தால் கீழே சுத்தமான பழஞ்சமயம் கிடைக்கும் என்பது ஆசைதான்.

ஆர்தர் இந்த நான்கு கிளைகளில் கிடையாது. கொண்டுவந்து திணிக்க வேண்டாம்.

பழமை என்று சொல்லப்படுவதெல்லாம் பழமையும் அல்ல. யோலோ மோர்கனுக் என்ற பெயரில் எழுதிய எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826) தானே இட்டுக்கட்டியவற்றைத் தொன்மை என்று நம்பவைத்தவர். பெத்கெலெர்ட் ஊரில் இளவரசன் அவசரப்பட்டுக் கொன்ற விசுவாச நாய்க்குச் சமாதி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதிக்காரர் ஒருவர் பயணிகளை வரவழைக்கக் கட்டிவிட்டது என்று கருதப்படும் கதை அது. நமக்கு அது புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் கீரிப்பிள்ளையாக வருகிறது, சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் தலைகாட்டுகிறது.

கடைசியாகச் சிரிப்பு. புனிதக் குரலில் சொல்லத் தொடங்கியதும் முதலில் சாவது அதுதான். முதல் கிளையில், மெதுவாகப் போகும் குதிரையில் ரியானன் செல்ல, பூய்லின் ஆட்களால் எத்தனை விரட்டியும் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பூய்ல் வாய்விட்டு நில் என்று கேட்கிறான். நிற்கிறேன், முன்பே கேட்டிருந்தால் உன் குதிரைக்கு நல்லதாகப் போயிருக்கும் என்கிறாள். நான்கு கிளைகளுக்கு வெளியே உள்ள 'கில்ஹூக்கும் ஒல்வெனும்' கதையில் ஆர்தரின் சபையோர் பட்டியல் 200 பெயர்களைத் தாண்டும். இழுக்கிறது என்று மொத்தமாக வெட்டுகிறார்கள். வெட்டும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏழு ஆள் ஆழத்தில் புதைத்தாலும் ஐம்பது மைல் தூரத்து எறும்பு காலையில் எழுவதைக் கேட்கிறவன் அதில் இருக்கிறான். துக்கம் வந்தால் ஒரு உதட்டைத் தொப்புள் வரை தொங்கவிட்டு, இன்னொன்றைத் தலையில் குல்லாயாகப் போட்டுக்கொள்கிறவனும் இருக்கிறான்.