புதிய பொருள் உருவாக்கத்தில் செயற்கை நுண்ணறிவு: சறுக்கும் இடங்கள்

செயற்கை நுண்ணறிவு ஒரே மாலையில் ஐம்பது வடிவமைப்புகளைக் கொட்டிவிடும். அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. நம் கைக்கு வந்திருப்பது இனிமேல் சோதித்துப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல், அவ்வளவே.

அந்தப் பட்டியலை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு, எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் அறிவித்த ஹாலிசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்மம் நல்ல உதாரணம். முதலில் 2,300-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஈ.கோலை பாக்டீரியாவின் மீது சோதித்து, அந்த முடிவுகளைக் கொண்டுதான் கணினிக்குப் பயிற்சி தந்தார்கள். பிறகு அது சுமார் 6,000 சேர்மங்களை அலசியது. அது சிறந்தவை என்று சொன்ன 99-ஐ ஆய்வகத்தில் சோதித்தபோது, 51 மட்டுமே பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தன. இது பெரிய வெற்றி. அப்படியிருந்தும் கிட்டத்தட்டப் பாதி பொய்த்தது. கணினிதான் வேகமாகச் சொல்கிறதே என்று சோதனைக்கான நாள்களைக் குறைக்கும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அடுத்தது, பயிற்சிக்குக் கொடுத்த தரவையே உலகம் என்று நம்பிவிடுவது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்லும் கூகுளின் கருவி, ஆய்வகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் துல்லியம் காட்டியது. தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களில் முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது மதிப்பிடவே மறுத்துவிட்டது. விழித்திரையைப் படமெடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். பல நிலையங்களில் அதே அறையில் வேறு பணிகளும் நடந்ததால் விளக்கை அணைக்க முடியவில்லை; படம் மங்கியது. நோயாளியோ வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் இன்னோர் இடத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. செவிலியர் நிற்கும் இடத்தில் ஒருநாள் நின்று பார்த்தாலே இது தெரிந்திருக்கும்.

வாடிக்கையாளரிடம் பேசாமல், 'நீயே வாடிக்கையாளராக இருந்து பதில் சொல்' என்று சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் கேட்பதும் பெருகிவருகிறது. எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை. கேட்பவருக்கு இசைந்து பேசும் சாய்வு அதற்கு உண்டு. உங்கள் புட்டியின் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறக்கும் மனிதரை அது உங்களுக்குக் காட்டாது. கேள்விகளைத் தயாரிக்கவும் நேர்காணல்களைத் தொகுக்கவும் பயன்படுத்துங்கள். பதில் மட்டும் மனிதரிடமிருந்து வரட்டும்.

காப்புரிமையையும் (பேட்டன்ட்) பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியிடாத வடிவமைப்பை, நிபந்தனைகளைப் படிக்காமல் பொதுச் சேவைகளில் பதிவேற்றாதீர்கள். காப்புரிமையில் குறிப்பிடப்படும் கண்டுபிடிப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மனிதரின் பங்கு தெரியும்படி, எந்தப் பரிந்துரையை ஏன் ஒதுக்கினீர்கள், எதை யார் எப்படி மாற்றினார்கள் என்பதைத் தேதியிட்டு அன்றன்றே எழுதி வையுங்கள்.