இன்ரேக் மனிபோல்ட்டை நாமே குடைந்து பெருப்பிப்பதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், வன்னியில் பலர் கையிலிருந்த பழைய கார்களையும் வான்களையும் திருத்தித் திருத்தியே ஓட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு பழைய எஞ்சினோடு பழகும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்ரேக் மனிபோல்ட்டின் பாதைகளைக் கிரைண்டரால் குடைந்து பெருப்பித்தால் இழுவை கூடும் என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. அது முழுப் பொய்யன்று. ஆயினும் ஸ்பனரையும் கிரைண்டரையும் கையில் எடுப்பதற்கு முன்னரே, செய்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே, பெரும்பாலான தவறுகள் நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, இழுவை குறைந்ததற்கான காரணத்தைத் தேடாமல் மனிபோல்ட்டின்மீது பழி போடுவது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியில் ஓடும் வாகனத்தின் எயார் பில்டர் மிக விரைவில் செம்மண்ணால் அடைந்துவிடும். அந்தப் பில்டரோடு ஓடும் எஞ்சினுக்கு மனிபோல்ட்டை எவ்வளவு குடைந்தாலும் காற்று அதிகமாகக் கிடைக்கப்போவதில்லை. அதை மாற்றிய பின் வால்வு இடைவெளியையும், அக்சிலேற்றரை முழுதாக மிதிக்கும்போது காற்றை உள்ளே விடும் தட்டான திறொட்டில் உண்மையில் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு சிலிண்டரின் அமுக்கம் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், வேலை இருப்பது பெரும்பாலும் வால்விலோ பிஸ்டன் வளையத்திலோதான்.

டீசல் எஞ்சினை விட்டுவிடுங்கள். உழவு இயந்திரங்களில் இருப்பவை போன்ற நேரடியாக எரிபொருள் பீச்சும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில், காற்று சுழன்றுகொண்டே சிலிண்டருக்குள் இறங்கும்படி அதன் பாதை வளைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வளைவைத் தேய்த்தால் சுழற்சி குறைந்து, எரிதல் கெட்டு, கரும்புகைதான் கூடும். அங்கே வலுவை நிர்ணயிப்பது பம்ப் கொடுக்கும் டீசலின் அளவு. புகையை மீளச் சுற்றும் அமைப்புள்ள டீசல் வான்களின் மனிபோல்ட்டில் கரி தடிப்பாகப் படிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவுவது, குடைவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

பெற்றோல் எஞ்சினில் செய்யப்படும் மிகப் பெரிய தவறு, துளை பெரிதானால் வலுவும் பெரிதாகும் என்று நம்புவது. 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையை 32 ஆக்கினால், கண்ணுக்கு அது சிறிய மாற்றம். ஆனால் பரப்பளவு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது, அதே அளவு காற்றுப் போகும்போது அதன் வேகம் ஏறத்தாழ 12 சதவீதம் குறைகிறது. எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போது, பெற்றோலைத் துளித்துளியாகச் சுமந்து சிலிண்டருக்குள் கொண்டுபோவதும், வால்வு மூடும் தறுவாயில் இன்னும் கொஞ்சம் காற்றைத் தள்ளிப் புகுத்துவதும் அந்த வேகமே. எங்கள் வாகனங்கள் எப்படி ஓடுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்: நெல் மூட்டைகளோடு வயல் வீதியிலும், மாரியில் சேற்றிலும், கடற்கரைப் பக்கம் மணலிலும், இரண்டாம் கியரில் மெதுவாக. உயர்ந்த சுற்றில் கிடைக்கும் சிறு இலாபத்துக்காக இந்த இழுவையை இழப்பது நல்ல பேரம் அன்று. மேலும், காற்றை உண்மையில் நெருக்குவது பல எஞ்சின்களில் மனிபோல்ட் அல்ல. வால்வும் அதன் இருக்கையைச் சூழ்ந்த குழியுமே.

மனிபோல்ட்டுக்கும், வால்வுகள் உள்ள மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் போடும் காஸ்கட்டை வைத்துக் கோடு கீறி, அந்தக் கோடுவரை வெட்டுவதும் பலர் செய்யும் தவறு. காஸ்கட்டின் துளை பொதுவாக இரண்டு பக்கத் துளைகளையும்விடப் பெரிதாகவே வெட்டப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது, மனிபோல்ட்டின் வாயும் ஹெட்டின் வாயும் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதை. மனிபோல்ட்டின் வாய் ஹெட்டின் வாயைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால், அதனால் பெரிய கெடுதி இல்லை. திரும்பி எழும் காற்றை, சேரும் இடத்தில் உண்டாகும் அந்தப் படிக்கட்டு போன்ற விளிம்பு ஓரளவு தடுக்கவும் செய்யும். மனிபோல்ட்டின் வாய் பெரிதாகி, ஹெட்டின் விளிம்பு காற்றின் முகத்துக்கு எதிரே சுவராக நிற்பதே கெடுதி. என்னைக் கேட்டால், வீட்டில் செய்யத்தக்க வேலை, வார்ப்பில் விடுபட்ட முண்டுகளைத் தேய்ப்பதும் இந்தச் சேர்க்கையைச் சரிப்படுத்துவதும் மாத்திரமே.

கண்ணாடிபோல மினுக்குவது அழகுக்கு நல்லது, பெற்றோலைக் காற்றோடு கலந்து மனிபோல்ட்டுக்குள் அனுப்பும் காபரேட்டர் உள்ள எஞ்சினுக்கு நல்லதன்று. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய் ஆவியாகி ஒழுங்காக எரிந்தது, ஆவியாகாத எரிபொருள் மனிபோல்ட்டின் சுவரில் படலமாக ஒட்டி வழிந்தது. பெற்றோலும் குறைந்த அளவில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 80 அல்லது 120 இலக்க மணற்றாளின் சொரசொரப்பு, அந்தப் படலத்தைக் கலைத்து மீண்டும் காற்றில் சேர்க்க உதவும்.

சுவரின் தடிப்பை அளக்காமல் தொடங்குவது நான் செய்த தவறு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் மனிபோல்ட் ஒன்றின் வளைவில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்ததில், வார்ப்பு மெலிந்திருந்த இடத்தில் ஊசித்துளை விழுந்தது; நீர் சிலிண்டருக்குள் போகக்கூடும் என்பதால் அந்த மனிபோல்ட்டையே கைவிட்டேன். ஆகவே கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய மனிபோல்ட் ஒன்று கிடைக்குமானால் வாங்கி, முதலில் அதில் கையைப் பழக்குங்கள்; உங்களுடையது அப்படியே இருக்கட்டும். பிளாஸ்ரிக் மனிபோல்ட்டாயின் தொடவே வேண்டாம். அதில் கலந்திருக்கும் கண்ணாடி நாரின் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

மனிபோல்ட்டை எஞ்சினில் வைத்தபடியே தேய்ப்பது எந்த நிலையிலும் கூடாது. மணற்றாளின் துகள் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். கழற்றி, தேய்த்து, சவர்க்காரமும் சுடுநீரும் தூரிகையும் கொண்டு இரண்டு தடவை கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் பட்டால் மீண்டும் கழுவுங்கள். பூட்டும்போது முகப்பு நேராக இருக்கிறதா என்று எஃகு அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, புதிய காஸ்கட் போட்டு, நடுவிலுள்ள நட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது, எக்ஸோஸ்ற் சூடாவதற்கு முன்னரே, பொருத்தைச் சுற்றிச் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். ஓட்டத்தின் ஒலி மாறினால் அங்கே காற்று ஒழுகுகிறது, கலவையில் பெற்றோல் குறைந்து வால்வு எரியும்முன் மறுபடியும் கழற்ற வேண்டும்.