ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்: பிரிட்டிஷ் மரபு விருந்தை முறையாகச் சமைப்பது எப்படி?

பிரிட்டனில் ‘ரோஸ்ட் டின்னர்’ என்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குடும்பத்தினர் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் விருந்து. டின்னர் என்றவுடன் நமக்கு இரவு உணவு நினைவுக்கு வந்தாலும், வட இங்கிலாந்தில் பலர் இன்றும் நண்பகல் உணவையே அந்தப் பெயரால் அழைக்கின்றனர். முழுத் துண்டாகச் சுட்ட இறைச்சி, மொறுமொறுப்பாக வறுபட்ட உருளைக்கிழங்கு, இரண்டு மூன்று காய்கறிகள், அந்த இறைச்சிக்கு உரிய சாஸ், அனைத்தின் மேலும் ஊற்றச் சூடான கிரேவி ஆகியவை அதில் இடம்பெறும்.

எது முறையான ரோஸ்ட் என்ற கேள்விக்கு அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பதில் உண்டு. தட்டில் இன்னின்ன வகைகள் இருந்தாக வேண்டும் என்று பட்டியலிடுவோரே மிகுதி. நான் வேறொன்றை உரைகல்லாகக் கொள்கிறேன். இறைச்சியின் கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுபட வேண்டும். அதே கொழுப்பில், முட்டை சேர்த்த மாவுக் கரைசலால் செய்யும் யார்க்‌ஷயர் புட்டிங் பொங்க வேண்டும். இறைச்சி சுட்ட தட்டில் ஒட்டியிருக்கும் சாற்றிலிருந்து கிரேவி உருவாக வேண்டும். இவை யாவும் ஒரே வேளையில் சூடாக மேசைக்கு வர வேண்டும். இந்த நான்கும் அமைந்துவிட்டால், பட்டாணி இருக்கிறதா, கேரட் இருக்கிறதா என்பதெல்லாம் அவரவர் விருப்பம்.

இந்த உணவின் வரலாறும் அந்தக் கொழுப்பைச் சுற்றியே அமைந்திருக்கிறது. முற்காலத்தில் இறைச்சியை இரும்புக் கம்பியில் கோத்து, திறந்த நெருப்பின் முன்னால் மெல்லச் சுழற்றிச் சுட்டனர். ரோஸ்ட் என்ற சொல் அந்த முறைக்கே உரியது. 19-ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் வீடுகளுக்குள் வந்த பிறகு இறைச்சி மூடிய ஓவனுக்குள் சென்றது. பெயர் மட்டும் பழையபடியே நிலைத்துவிட்டது. வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் தேவாலயத்துக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை ஓவனில் இறைச்சியைக் கொடுத்துவிட்டு, வழிபாடு முடிந்து திரும்பும்போது பெற்றுச் சென்றதும் உண்டு. இந்த விருந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்தத் தேவாலய வழக்கம் ஒரு முக்கியமான காரணம்.

எந்த இறைச்சிக்கு எந்தத் துணை?

இந்தப் பொருத்தங்களில் மட்டும் மரபு கண்டிப்பானது. மாட்டிறைச்சிக்கு யார்க்‌ஷயர் புட்டிங், ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேரில் செய்யும் சாஸ், காரமான ஆங்கிலக் கடுகு விழுது. இளம் ஆட்டிறைச்சிக்குப் புதினா சாஸ். நறுக்கிய புதினா, சர்க்கரை, வினிகர், சிறிது வெந்நீர் ஆகியவற்றாலான இது, தேங்காயும் மிளகாயும் சேராத ஒரு நீர்த்த கலவை. பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் சாஸும், சேஜ் என்ற நறுமண இலையும் வெங்காயமும் சேர்த்த ஸ்டஃபிங் என்ற பூரணமும், அப்பளம்போல் நொறுங்கும் மேல்தோலும் வேண்டும். கோழிக்கு ஸ்டஃபிங்குடன், கிராம்பு குத்திய வெங்காயத்தைப் பாலில் காய்ச்சி ரொட்டித்தூள் சேர்த்துச் செய்யும் பிரெட் சாஸ். யார்க்‌ஷயர் புட்டிங்கை இப்போது எல்லா இறைச்சியுடனும் வைக்கிறார்கள். சுவையாக இருப்பதால் அதை நான் குறைகூறுவதில்லை, ஆனால் மரபுப்படி அது மாட்டிறைச்சியின் இணை.

கீழே உள்ள செய்முறை 6 பேருக்கான மாட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கானது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 2 கிலோ எடையுள்ள முழுக்கோழியைக் கொண்டு ஏறத்தாழ இதே நேர அட்டவணையைப் பின்பற்றலாம். கோழி மட்டும் எலும்போரம் வரை முழுமையாக வெந்து, உள்வெப்பம் 75 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும்.

முதல் படி: இறைச்சியும் உருளைக்கிழங்கும் வாங்குதல்

இறைச்சிக் கடையில் 2 கிலோ எடையுள்ள எலும்பு நீக்கிய சர்லாயின் (முதுகுப் பகுதி) அல்லது டாப்சைட் (பின்தொடைப் பகுதி) இறைச்சியைக் கேளுங்கள். சர்லாயினில் கொழுப்பும் சுவையும் கூடுதல், விலையும் கூடுதல். டாப்சைட் மெலிந்த இறைச்சி என்பதால், கடைக்காரர் அதன் மேல் ஒரு கொழுப்புப் படலத்தைச் சுற்றி நூலால் கட்டித் தருவார். அந்த நூலை அறுத்துவிட வேண்டாம். ஒரு துண்டிலிருந்து உருகும் கொழுப்பு உருளைக்கிழங்குக்கும் புட்டிங்குக்கும் போதாது. எனவே ‘டிரிப்பிங்’ என்ற பெயரில் வெண்கட்டியாக விற்கப்படும் மாட்டுக்கொழுப்பை 250 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கில் வகை முக்கியம். வேகவைத்தால் மாவுபோல் உதிரும் வகையே மொறுமொறுப்பாகும். மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் சமையலறைகள் நம்பும் வகைகள். கிங் எட்வர்ட் 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் முடிசூடிய ஆண்டில் சந்தைக்கு வந்து அவர் பெயரைப் பெற்றது. மாரிஸ் பைப்பர் கேம்பிரிட்ஜில் உருவாகி 1966-இல் அறிமுகமான வகை. ஒன்றரை கிலோ போதும்.

இரண்டாம் படி: நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு பண்டமும் தனித்தனியே எளிது. ஒரே ஓவனில் அவற்றை ஒரே நேரத்தில் முடிப்பதுதான் கடினம். எனவே உண்ணும் நேரத்தை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 1.30 மணிக்கு உண்பதாக வைத்துக்கொள்வோம். 10.15-க்கு இறைச்சியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், 10.30-க்குப் புட்டிங் மாவைக் கரைக்க வேண்டும், 11.15-க்கு இறைச்சி ஓவனுக்குள் போக வேண்டும். நண்பகலில் உருளைக்கிழங்கு வெந்நீரிலும், 12.20-க்கு ஓவனிலும் இருக்க வேண்டும்; 12.45-க்கு இறைச்சி வெளியே வர வேண்டும், 1.00 மணிக்குப் புட்டிங் மாவை ஊற்ற வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பல ஆண்டுகளாக ரோஸ்ட் சமைத்துவரும் நானும் விருந்தினர் வரும் நாளில் இதை எழுதாமல் தொடங்குவதில்லை.

மூன்றாம் படி: இறைச்சியைச் சுடுதல்

வெளியே எடுத்த இறைச்சியின் ஈரத்தை நன்றாகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தாராளமாகத் தேய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவனாக இருந்தால், இங்கே தரும் எல்லா அளவிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். கனமான ஓவன் தட்டில் பெரிய வட்டங்களாக நறுக்கிய இரண்டு வெங்காயங்களையும் ஒரு கேரட்டையும் பரப்பி, அதன்மேல் இறைச்சியைக் கொழுப்புப் பக்கம் மேலாக வையுங்கள். வெங்காயம் கருகாமல் சிவந்து, பின்னர் கிரேவிக்கு நிறமும் இனிப்பும் தரும்.

முதல் 20 நிமிடங்கள் 220 டிகிரியில் மேற்புறம் சிவக்கட்டும். பிறகு வெப்பத்தை 170 டிகிரிக்குக் குறைத்து, ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம் சுடுங்கள். துண்டின் பருமனைப் பொறுத்து நேரம் மாறும் என்பதால், இறைச்சியின் நடுவில் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டரை நம்புவதே நல்லது. 52 டிகிரியில் எடுத்தால் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். 60 டிகிரியில் எடுத்தால் சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். 70 டிகிரியில் முழுவதும் வெந்துவிடும். எடுத்த பிறகும் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் வெட்டக் கூடாது. இறைச்சியை வேறு தட்டுக்கு மாற்றி, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, குறைந்தது 30 நிமிடங்கள் ஓய்வில் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் வழிந்தோடிவிடும்; ஆறவிட்டால் பெரும்பகுதி இறைச்சிக்குள்ளேயே தங்கும். இறைச்சி இளைப்பாறும் இந்த நேரத்தில்தான் ஓவன் புட்டிங்குக்குக் கிடைக்கிறது. இந்த விருந்தின் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த பொருத்தம் அது.

நான்காம் படி: உருளைக்கிழங்கு

தோல் சீவி, முட்டையளவுத் துண்டுகளாக வெட்டி, உப்பிட்ட நீரில் கொதி வந்த பிறகு 8 முதல் 10 நிமிடங்கள் வேகவையுங்கள். ஓரங்கள் குழைந்தும் நடுப்பகுதி உறுதியாகவும் இருக்க வேண்டும். நீரை வடிகட்டி, அதில் ஒரு பகுதியைக் கிரேவிக்காக எடுத்துவையுங்கள். வடிதட்டிலேயே ஐந்து நிமிடம் ஆவி பறக்கவிட்டு, பின் பாத்திரத்தில் இட்டு, மூடியைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை குலுக்குங்கள். மேற்புறம் சொரசொரப்பானால்தான் அந்த மாவுப் படலம் கொழுப்பை உறிஞ்சி மொறுமொறுப்பாகும்.

இதற்கிடையே இன்னொரு ஓவன் தட்டில் 100 கிராம் டிரிப்பிங்கை நன்றாகச் சூடாக்கியிருக்க வேண்டும். துண்டுகளை அதில் ஒவ்வொன்றாக இட்டு, எல்லாப் பக்கமும் கொழுப்பு படும்படி புரட்டி, இடைவெளிவிட்டு அடுக்குங்கள். நெருக்கி அடுக்கினால் அவை வறுபடுவதற்குப் பதில் அவிந்துபோகும். 12.45-க்கு இறைச்சி வெளியே வந்ததும் ஓவனை 220 டிகிரிக்கு உயர்த்தி, நீளவாக்கில் வெட்டிய பார்ஸ்னிப் கிழங்குகளையும் இதே தட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: யார்க்‌ஷயர் புட்டிங்

புட்டிங் என்ற பெயரைக் கண்டு இனிப்பு என்று எண்ண வேண்டாம். சுழலும் இறைச்சிக்குக் கீழே மாவுக் கரைசல் உள்ள தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பில் அதை வேகவிட்டதிலிருந்து பிறந்த பண்டம் இது. யார்க்‌ஷயர் என்ற வட்டாரப் பெயருடன் இதன் செய்முறை 1747-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சமையல் நூல் ஒன்றிலேயே அச்சாகியிருக்கிறது. இறைச்சி விலை மிகுந்த பொருளாக இருந்த காலத்தில், முதலில் புட்டிங்கையும் கிரேவியையும் பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிய பிறகே இறைச்சியைக் கொண்டுவந்தனர். யார்க்‌ஷயரின் சில வீடுகளில் அந்த வரிசை இன்றும் மாறவில்லை.

140 கிராம் மைதா, 4 முட்டை, 200 மில்லி பால், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்து, கழுத்துள்ள குவளையில் ஊற்றி வையுங்கள். பேக்கிங் பவுடர் தேவையில்லை. முட்டையிலும் பாலிலும் உள்ள நீர் நொடியில் ஆவியாகிப் புட்டிங்கை மேலே தள்ளும். அதற்குக் கொழுப்பு கடுஞ்சூட்டில் இருந்தாக வேண்டும். 12 குழிகள் உள்ள மஃபின் தட்டில் குழிக்கு ஒரு தேக்கரண்டி டிரிப்பிங் இட்டு, 12.50-க்கு ஓவனில் வையுங்கள். 1.00 மணிக்குக் கொழுப்பு மெல்லப் புகையத் தொடங்கியிருக்கும். உருளைக்கிழங்கை ஒருமுறை புரட்டிவிட்டு, மாவைக் குழியின் பாதியளவு வேகமாக ஊற்றி, ஓவனை மூடிவிடுங்கள். அதன் பிறகு 20 நிமிடங்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த காற்று பட்டால், ஓரங்கள் உறைவதற்கு முன்பே புட்டிங் அமுங்கிவிடும். பிரிட்டனின் அரச வேதியியல் கழகம் 2008-இல், 4 அங்குலத்துக்குக் குறைவாக எழும்பியதை யார்க்‌ஷயர் புட்டிங் என்று ஏற்க முடியாது என அறிவித்தது. வீட்டு ஓவனில் அந்த உயரம் எட்டாமல் போகலாம். ஓரம் மொறுமொறுவென்றும், நடுவே கிரேவி தேங்கக் குழிந்தும் இருந்தால் நிறைவாக உண்ணலாம்.

ஆறாம் படி: கிரேவி

நம் உணவகங்களில் கிரேவி என்று சொல்லப்படும் கெட்டிக் குழம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும் அளவுக்கே கெட்டியான, பழுப்பு நிறச் சாறு. இறைச்சி சுட்ட தட்டிலிருந்து மிகையான கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்து, இரண்டு மேசைக்கரண்டி அளவை மட்டும் விட்டுவையுங்கள். தட்டை அடுப்பில் சிறுதீயில் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். அரை லிட்டர் மாட்டிறைச்சி ஸ்டாக்கையும் (எலும்பும் இறைச்சியும் கொதிக்கவைத்து வடித்த சாறு), எடுத்துவைத்த உருளைக்கிழங்கு நீரையும் சிறிது சிறிதாக ஊற்றி, தட்டில் ஒட்டியுள்ள பழுப்புப் படிவத்தை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். சுவை முழுவதும் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிடம் கொதித்த பின், இளைப்பாறும் இறைச்சியிலிருந்து கசிந்த சாற்றையும் சேர்த்து வடிகட்டுங்கள். பிஸ்டோ என்ற கிரேவித்தூள் 1908-இல் விற்பனைக்கு வந்தது முதல் பல வீடுகள் அதையே பயன்படுத்துகின்றன; நிறத்துக்காகச் சிறிது சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் இந்தத் தட்டைச் சுரண்டாமல் கழுவிவிட்டுத் தூளை மட்டும் கரைத்தால், ரோஸ்ட்டின் பாதியைக் கழுநீரில் ஊற்றியதாகிவிடும்.

காய்கறிக்கு அதிக வேலையில்லை. கேரட்டை வேகவைத்து வெண்ணெயில் புரட்டுங்கள், முட்டைக்கோஸை 1.20-க்குக் கொதிநீரில் இட்டு நான்கு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

ஹார்ஸ்ராடிஷ் என்பது மூக்கில் ஏறும் காரமுள்ள ஒரு வெண்ணிற வேர். அதைத் துருவி, வினிகர், கடுகு விழுது, ஒரு சிட்டிகை சர்க்கரை, கிரீம் ஆகியவற்றுடன் கலந்தால் சாஸ் தயார். இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு: ஆங்கிலேயர்கள் இந்தியாவில் இருந்தபோது இந்த வேர் கிடைக்காமல், அதே காரம் கொண்ட முருங்கை வேரைத் துருவிப் பயன்படுத்தினர், முருங்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்ற பெயர் அவ்வாறே வந்தது. முருங்கை வேரின் பட்டையில் நச்சுப் பொருள்கள் இருப்பதால், அதை இன்று நீங்கள் முயல வேண்டாம். புட்டியில் விற்கும் ஹார்ஸ்ராடிஷ் போதும்.

1.20-க்கு இறைச்சியின் நூலை நீக்கி, தசைநாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். தட்டுகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்துச் சூடாக வைத்திருந்தால் உணவு விரைவில் ஆறாது. இறைச்சியை ஒருபுறமும், உருளைக்கிழங்கையும் காய்கறிகளையும் மறுபுறமும் வைத்து, புட்டிங்கைக் கடைசியில் வையுங்கள். கிரேவியைக் குவளையில் வைத்து, அவரவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ள விடுங்கள்.

மீந்த இறைச்சியைத் திங்கட்கிழமை குளிர்ந்தபடியே கடுகு விழுதுடன் உண்பார்கள். மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்து, வாணலியில் அடைபோல் தட்டிச் சிவக்க வறுப்பார்கள். கிண்ணத்தில் வடித்துவைத்த கொழுப்பை வடிகட்டி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வறுக்க அதுவே உதவும்.