விளையாட்டுக் குடும்பத்திலிருந்து கல்லூரி டென்னிஸுக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியவை

காவிரி டெல்டாவில் விளையாட்டுக் குடும்பம் என்றால் பெரும்பாலும் கபடியிலோ வாலிபாலிலோ ஊறிய குடும்பமாகவே இருக்கும். ஆனால் இந்திய டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனுக்கு அவருடைய தந்தை டி.கே. ராமநாதனே டென்னிஸ் கற்பித்தார். 1954இல் கிருஷ்ணனும் 1979இல் அவர் மகன் ரமேஷும் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார்கள். மூன்று தலைமுறைக்கும் ஒரே ஆட்டமாக அமைந்த வீடு அது. தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ கல்லூரி அணிக்கு ஆடும் உங்களுக்கு அப்படி அமைந்திருக்காது என்பதால், வீட்டாரிடம் எதைக் கற்பது, எதைப் பயிற்சியாளரிடம் மட்டுமே கேட்பது என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சியை வீட்டாரிடமே விட்டுவிடலாம். ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீட்டர்தான், அதற்குள் தாழ்ந்து நின்று பக்கவாட்டில் நகர்ந்து, பந்தை அடித்து, உடனே நடுவுக்குத் திரும்பும் கால்வேகத்தைக் கபடி ஆடிய அப்பாவைவிட நன்றாகச் சொல்லித்தருபவர் ஊரில் கிடைப்பது அரிது. தோளை வலுவாக்கும் பயிற்சிகளை வாலிபால் ஆடிய சித்தப்பாவிடம் கேளுங்கள். ஆனால் சர்வீஸ் அடிக்கும் முறையை அவரிடம் கேட்காதீர்கள். திறந்த உள்ளங்கையால் பந்தை அறைந்து பழகியவர், ராக்கெட்டின் முகத்தையும் தொடக்கத்திலிருந்தே பந்தை நோக்கித் திறந்து வைக்கச் சொல்வார். டென்னிஸிலோ, சுத்தியலைப் பிடிப்பதுபோல் ராக்கெட்டைப் பிடிக்கும் கான்டினென்டல் பிடியில் அதன் விளிம்பு பந்தை நோக்கி ஏறி, பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் முன்கை திரும்ப வேண்டும். தவறான பழக்கம் படிந்துவிட்டால் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை பயிற்சியைக் கலைத்துவிடும். டெல்டாவின் களிமண் நீரை எளிதில் விடாது. காயாத மண்தளத்தில் ஆடினால் கால் வழுக்குவதுடன் தளமும் குழிவிழுந்து கெடும், நனைந்து கனத்த பந்து முழங்கையையும் வருத்தும். அந்த மாதங்களில் கூரையுள்ள இடமாகப் பார்த்து, சுவரில் 91.4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு வரையுங்கள். வலையின் நடு உயரம் அதுதான். கோட்டைத் தொட்டுச் செல்லும் பந்து கண்ணுக்கு அழகாக இருந்தாலும், களத்தின் பின்கோட்டிலிருந்து அடிக்கும்போது அதில் பாதி வலையில் விழும். ஆகவே கோட்டுக்கு அரை மீட்டருக்கு மேலேயே குறிவையுங்கள்.

போட்டிக்குப் போகும் நாட்களுக்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை உடற்கல்வி இயக்குநரிடம் முன்கூட்டியே வாங்கித் துறைத்தலைவரிடம் சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் வருகைப்பதிவில் சிக்கல் வரும்.

போட்டி நாளில்தான் குடும்பத்தாரைச் சமாளிப்பது கடினம், ஏனெனில் கபடிக் களத்தின் ஓரத்தில் நின்று குரல் கொடுத்தே பழகியவர்களுக்கு டென்னிஸின் அமைதி பிடிபடுவதில்லை. அணிப் போட்டியில் களத்தில் அமர்ந்திருக்கும் அணித்தலைவர், வீரர்கள் பக்கம் மாறும் 90 நொடி இடைவேளையில் ஆலோசனை சொல்லலாம். ஆனால் செட்டின் முதல் கேமுக்குப் பிறகு பக்கம் மாறும்போதும் செட் சமநிலையானால் அதை முடிவுசெய்ய ஆடும் டை-பிரேக்கின்போதும் சொல்லக்கூடாது. வெளியிலிருந்து ஆலோசனை தருவதைச் சர்வதேச விதிகள் 2025 ஜனவரி 1 முதல் ஏற்கின்றன என்றாலும், போட்டியை நடத்துவோர் அனுமதித்தால்தான் அது செல்லும் என்பதால், ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவைச் சும்மா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். ஒரு நோட்டைக் கொடுத்து, முதல் சர்வீஸ் எத்தனை உள்ளே விழுந்தது, அவற்றில் எத்தனை புள்ளிகளை வென்றீர்கள் என்பதை மட்டும் கேம்வாரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த இரவில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். மறுநாள் அந்த நோட்டைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, அந்த வாரம் சர்வீஸுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.