குழம்பு கொதித்தால் கோழி வெந்துவிட்டதா? உணவகக் குசினிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கடைகளில் கோழிக்கறி வெந்துவிட்டதா என்பதைப் பெரும்பாலும் சமையற்காரரின் கண்ணும் கைப்பழக்கமுமே தீர்மானிக்கின்றன. குழம்பு தளதளவெனக் கொதித்து எண்ணெய் மேலே மிதந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சட்டியில் இந்தக் கணக்கு அநேகமாகப் பிழைப்பதில்லை. ஆனால் நூறு பேருக்குச் சமைக்கும் கிடாரத்தில், உறைபனி முழுதும் இளகாத துண்டுகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது, மேலே கொதிப்பது குழம்பு மட்டுமே. நிறத்தையும் நம்ப இயலாது. நன்றாக வெந்த துண்டிலும் எலும்பருகே சிவப்பு தெரியலாம், மஞ்சளும் மிளகாய்த்தூளும் ஏறிய வேகாத துண்டு வெந்ததுபோலத் தோன்றலாம்.

உணவின் நடுப்பகுதி குறைந்தது 70 பாகை செல்சியசை எட்டவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கோழியிறைச்சிக்கு அமெரிக்க விதிகள் 74 பாகை கேட்கின்றன. கடைக்காரர் இந்த உயர்ந்த அளவையே பிடித்துக்கொள்வது நல்லது.

வெப்பமானி வாங்கிய பின்பும் பிழைகள் தொடர்கின்றன. கம்பியைக் குழம்புக்குள் விட்டு அளந்தால் குழம்பின் சூடுதான் தெரியும். கிடாரத்தின் அடியிலிருந்து பெரிய தொடைத்துண்டு ஒன்றை அகப்பையால் எடுத்து, அதன் தடித்த சதையில், நுனி எலும்பில் முட்டாதபடி குத்தி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். இப்படி மூன்று நான்கு துண்டுகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பார்த்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ளவேண்டும். முள் சுழலும் வட்ட முகப்புள்ள வெப்பமானியின் கம்பி ஐந்து ஆறு சென்ரிமீற்றர் உள்ளே போனால்தான் சரியாகக் காட்டும் என்பதால், கறித்துண்டுகளுக்கு நுனியில் உணரும் டிஜிட்டல் வகையே பொருந்தும். துப்பாக்கிபோல நீட்டி அளக்கும் அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே அறியும். பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தில் அதுவும் பிழைக்கும்.

கருவியைச் சரிபார்க்காமல் மாதக்கணக்கில் பயன்படுத்துவது அடுத்த தவறு. நொறுக்கிய ஐஸ் நிரப்பிய கோப்பையில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, கம்பியை நடுவில் பிடித்தால் 0 காட்டவேண்டும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் இங்கே கொதிநீரில் 100 காட்டவேண்டும். உயர்ந்த மலைநாட்டு ஊரான நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பச்சை இறைச்சியில் குத்திய கம்பியைக் கழுவித் துடைத்துக் கிருமி நீக்காமல் வெந்த கறியில் குத்துவதைப்பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

என் கணிப்பில், பெரிய ஆபத்து சமைத்த பின்னரே தொடங்குகிறது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் பெருகும். நம் ஊர் வெயிலில் மேசையில் மூடிவைத்த சோறு பிற்பகல் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சை இரவு பிறைட் றைஸ் போடும் தாச்சியின் சூடும் அழிக்காது. இந்த இடத்தில் வெப்பமானி காட்டும் 74 நம்மைக் காப்பாற்றாது. மிஞ்சும் சோற்றை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடவேண்டும்.

கொத்துரொட்டித் தகட்டையும் கவனிக்கவேண்டும். குளிரூட்டிய கோழிக்கறியை நேரே ரொட்டியின்மேல் ஊற்றி, இரண்டு கைத்தகடுகளாலும் கொத்தும்போது எழும் ஆவியும் சத்தமும் எல்லாம் சூடாகிவிட்டது என்ற எண்ணத்தைத் தருகின்றன. உண்மையில் குளிர்ந்த ரொட்டியும் மரக்கறியும் சூட்டைப் பங்குபோட்டுக்கொள்ள, இரண்டு மூன்று நிமிடத்தில் பார்சல் கட்டப்படும்போது எலும்புத் துண்டின் உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கக்கூடும். கறியைத் தனிச் சட்டியில் 74 பாகைவரை சூடாக்கி, துண்டு ஒன்றைக் குத்திப் பார்த்த பிறகே தகட்டில் சேர்க்கவேண்டும். கூட்டம் நிற்கும் இரவிலும் அதற்குச் சில நிமிடங்களே செலவாகும்.