பெரிய பல்கலைக்கழகம் கான்ஃபரன்ஸ் தாவப்போகிறதா? முன்கூட்டியே கணிப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடி, டிவி பணத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் வதந்திக்குப் பஞ்சமே இல்லை. வரைபடத்தையும் பழைய பகையையும் வைத்துக் கணித்தால் ஏமாந்துபோவீர்கள். யூஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மேற்குக் கரையின் லாஸ் ஏஞ்சலஸில் இருந்துகொண்டு, மத்திய மேற்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸாகத் தொடங்கிய பிக் டென்னில் ஆடுகிறது. பத்திரங்களைப் படியுங்கள்.

முதலில் உரிமை ஒப்படைப்புப் பத்திரம். கல்லூரிகள் தங்கள் சொந்த மைதான ஆட்டங்களின் டிவி உரிமையை இத்தனை ஆண்டு வரை என்று கான்ஃபரன்ஸுக்கு எழுதிக்கொடுக்கின்றன. கல்லூரி வெளியேறினாலும் உரிமை கூடவே போகாது. உரிமை இல்லாத அணியை எவன் காசு கொடுத்துச் சேர்ப்பான்? ஆகவே பத்திரம் முடியும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12-இன் ஒப்பந்தம் 2024-இல் முடிய இருந்தது. அதிலிருந்த யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் (கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) 2022 ஜூன் 30 அன்று பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸான ஏசிசியின் பத்திரமோ 2036 வரை. அதனால்தான் அதன் உறுப்பினரான ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில் நேராகக் கிளம்பாமல் கோர்ட்டுக்குப் போனது.

அடுத்தது வெளியேறும் கட்டணம். கான்ஃபரன்ஸின் விதிமுறையில் (பைலா) இருக்கும் தொகையைப் பேரத்தின் தொடக்க விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிக் 12 என்ற கான்ஃபரன்ஸின் விதிப்படி, வெளியேறுகிறவர் 18 மாத முன்னறிவிப்பும், தனக்கு வரும் வருவாய்ப் பங்கில் இரண்டு வருடத் தொகையும் தர வேண்டும். அதிலிருந்த டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 2021 ஜூலையில், 2025-க்குப் பிறகு உரிமையைப் புதுப்பிக்க மாட்டோம் என்றன. 2023 பிப்ரவரியில் பேரம் முடிந்து, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரில் கணக்கைத் தீர்த்து, ஓராண்டு முன்னதாகவே 2024 ஜூலை 1 அன்று தென்கிழக்குக் கான்ஃபரன்ஸான எஸ்இசிக்குள் நுழைந்தன.

இதில் ஓர் அறிகுறியைப் பலர் தவறவிட்டார்கள். இரண்டும் கிளம்பும் செய்தி 2021-இல் வெடிப்பதற்குச் சில மாதம் முன், டிவி ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீட்டிக்கலாமா என்று பிக் 12 கேட்டது. டிவி நிறுவனங்களான ஈஎஸ்பிஎன்னும் ஃபாக்ஸும் மறுத்துவிட்டன. காசு தருகிறவன் கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் அங்கே கவனியுங்கள்.

சேர்க்கும் தரப்பின் கணக்கு எளிது. 14 உறுப்பினர்களுக்குத் தலைக்கு 5 கோடி டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக இருவர் வந்தால் மொத்த வருவாய் ஆண்டுக்கு 10 கோடியாவது ஏற வேண்டும். இல்லையென்றால் பழையவர்களின் பங்கு குறையும். அந்த அளவு பணத்தைக் கூட்டிவரும் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓரிகனும் வாஷிங்டனும் குறைந்த பங்குக்குத்தான் பிக் டென்னில் சேர்ந்தன. டல்லாஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டு ஏசிசி டிவி பணமே வேண்டாம் என்று சொல்லி உள்ளே வந்தது. உறுப்பினர்களின் ஓட்டுகளையும் எண்ணுங்கள்: புதியவரைச் சேர்க்க எஸ்இசியில் அப்போது 14-இல் 11 ஓட்டு தேவை. டெக்சாஸ் வருவதை முதலில் எதிர்த்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் உட்பட 14 பேரும் சரி என்றார்கள்.

மிரட்டலையும் புறப்பாட்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 2010-இல் பேக்-10 (பேக்-12-இன் பழைய பெயர்) கூப்பிட்டும் டெக்சாஸ் போகவில்லை; 2011 ஜனவரியில் ஈஎஸ்பிஎன்னுடன் 20 ஆண்டு, 30 கோடி டாலருக்கு லாங்ஹார்ன் நெட்வொர்க் என்ற சொந்தச் சேனல் கிடைத்தது. பெரியவர் தன் வீட்டிலேயே தனிச்சலுகை கேட்டுக்கொண்டிருந்தால் அது பேரம். ஆனால் பேரத்துக்கும் விலை உண்டு. பிக் 12-ஐ விட்டு நெப்ராஸ்காவும் கொலராடோவும் 2011-இல் போயின, ஏ அண்ட் எம்மும் மிசூரியும் 2012-இல்.

அரசுப் பல்கலைக்கழகமென்றால் மாநிலத்தையும் பாருங்கள். யூசிஎல்ஏ போவதற்கு அதன் ஆட்சிக்குழுவான ரீஜென்ட்ஸ் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சகோதரக் கல்லூரியான கலிஃபோர்னியா பெர்க்லிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது.

பெரியவர் கிளம்பிய பின்னும் கண்காணிப்பை நிறுத்தாதீர்கள். சரிவு உடனே தெரியாது. யூஎஸ்சி அறிவித்து ஓராண்டுக்கு மேலாகி, 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் பேக்-12-ஐ விட்டன. கடைசியில் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். போகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு உண்டா என்ற வழக்கில் கோர்ட் இவை பக்கம் நின்றதால், கான்ஃபரன்ஸின் பெயரும் கஜானாவும் இந்த இரண்டின் கைக்கு வந்தன.